நாலாவது மைலுக்கும் மூன்றாவது மைலுக்கும் நடுவில்

நைனா முகம்மது அண்ணன் இறந்துபோன செய்தியை என் கையாலேயே எழுதினேன். சங்குத் தீவில் காலைப் பணியில் இருந்தேன். துறைமுக ஆபீசிலிருந்து கம்பியில்லாத் தந்தி கூப்பிட்டது. எங்கள் வேலையில் செய்தி எழுத்து எழுத்தாகத்தான் வரும். காது கேட்கும், கை எழுதும், புரிவது கடைசியில்தான். அவருடைய பெயரை எழுதியபோது, லீவை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லிக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மார்புச் சளியோடு படுத்திருந்தார், தேறி வருகிறார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். செய்தி முடிந்ததும் வழக்கம்போல 'கிடைத்தது' என்று பதில் தட்டினேன். பதில் போன பிறகுதான் எழுதியதைப் படித்தேன்.

அன்றைக்கென்று பார்த்து, சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று மழையோடு அடிக்கும் சுமத்ராக் காற்று எழுந்தது. மேற்கே கருத்து, பத்து நிமிஷத்தில் பினாங்கும் தெரியவில்லை, எதிரே பிறைக் கரையும் தெரியவில்லை. மழை மறைத்தால் சங்கு ஊதியாக வேண்டும், ஊதுகிறவன் இடத்தை விட்டு நகரக்கூடாது. என்னை மாற்ற வர வேண்டிய படகு வரவில்லை. அவர்கள் வழக்கப்படி அன்று பகலுக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் அவருடைய சங்கையே ஊதிக்கொண்டு, அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அந்த ஆற்றாமை இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமையின் வடிவம் என்று ஒருவர் பேசினார். எனக்கு எரிச்சலாக வந்தது. உங்களில் பலர் அவரைத் துறைமுகத்தில் பார்த்தவர்கள், உங்களுக்குத் தெரியும். டீயில் சர்க்கரை குறைந்தால் கடைக்காரரோடு சண்டை போடுவார். நான் எஞ்சினுக்கு எண்ணெய் போட மறந்தால் அரைநாள் பேசமாட்டார். அவர் பொறுமைசாலி இல்லை. தாங்க முடியாத ஒன்றைத் தாங்கிக்கொண்டு நடமாடிய மனிதர். அது வேறு. அந்தக் கதையைக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நாலு பேர் அவர் காதுபடக் கேலி பேசியவர்கள் என்பதால் சொல்லவில்லையோ என்னவோ.

தெரியாதவர்களுக்காக முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தென் வாய்க்காலின் வாயில் ஒரு சிறு பாறைத் தீவு. அதன் மேல் காற்றை அடைத்து ஊதும் பெரிய சங்கும், ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவியும் இருக்கின்றன. மழையில் விளக்கு தெரியாதபோது, தீவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று படகில் இருப்பவன் அறிய வேண்டும். அதற்கு ஒரு வழி. கடிகார எந்திரம் ஒன்று சங்கையும் ரேடியோவையும் ஒரே நொடியில் தட்டிவிடும். ரேடியோவில் போவது 'டிக்' என்ற ஒரு புள்ளி. அது புறப்பட்ட கணமே படகில் கேட்டுவிடும். சங்கின் சத்தமோ ஒரு கடல் மைல் போக ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளிக்கு ஒன்றாக எந்திரம் மேலும் மேலும் புள்ளிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். படகில் ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, மறு காதை வெளியே நீட்டி, சங்கு கேட்கும் வரைக்கும் புள்ளிகளை எண்ண வேண்டும். எத்தனை எண்ணினாயோ அத்தனை மைல். "ரேடியோ பறந்து வந்துரும், சத்தம் நடந்துதான் வரும்" என்று அண்ணன் படகுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அதைவிடத் தெளிவாக எந்தத் துரையும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் ஒரே ஒரு சங்கதியில்தான் கவனம் வேண்டும். முதல் புள்ளி சத்தத்தோடு சேர்ந்து புறப்படுவது. அதை எண்ணக்கூடாது. அடுத்த புள்ளிதான் ஒன்று. படகுக்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. எதையும் எண்ணாமல் எப்படி எண்ணத் தொடங்குவது? அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் புள்ளிக்கு 'சும்மா' என்று சொல்லச் சொன்னார். "சும்மா, ஒண்ணு, ரெண்டு, மூணு." துறைமுக லாஞ்சுகளில் தமிழர், மலாய்க்காரர் எல்லாரும் சும்மா, ஒண்ணு என்று எண்ணப் பழகினார்கள். மலாய்க்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

முணுமுணுத்தது ஒருவன்தான், அண்ணனின் சொந்தத் தம்பி சுல்தான். அவர்கள் அப்பா கடைத்தெரு அரிசிக் கிட்டங்கியில் அளவுகாரராக இருந்தவர். சுல்தானும் வயது வந்ததிலிருந்து அவரோடு அரிசி அளந்தவன். நம் அளவுகாரர்கள் எண்ணுவது உங்களுக்குத் தெரியும். முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. முதல் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும். பிறகு அண்ணன் தம்பியைத் தன் வேலைக்கு இழுத்து, லாஞ்சில் சங்கு கேட்கும் ஆளாகச் சேர்த்துவிட்டார். "காக்கா, காலங்காத்தால எடுத்த எடுப்புல சும்மான்னா தொடங்குறது? விளங்குமா?" என்று அண்ணனிடம் சொல்லிச் சுல்தான் சிரிப்பான். ஆனால் பழகிக்கொண்டான். பரீட்சை வைத்தபோது ஒரு தடவைகூடத் தவறவில்லை, நானே பக்கத்தில் இருந்தேன். நல்ல பையன். வெள்ளையாகச் சிரிப்பான். ஜைனம்பு என்ற பெண்ணைக் கட்டி ஒரு பெண்குழந்தை இருந்தது.

அவன் போன லாஞ்சின் தண்டல், அதாவது படகுத் தலைவர், முனுசாமி. டத்தோ கிராமாட்டில் வீடு. இன்னும் இரண்டு மலாய்க்காரர்கள், எஞ்சினுக்கு ஒருவர், கயிற்றுக்கு ஒருவர். அன்று மத்தியானம் தெற்கே மிதவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சுமத்ரா பிடித்துக்கொண்டது. நான் சங்கு எஞ்சினில் நின்றேன், அண்ணன் ரேடியோவில் இருந்தார். வாய்க்காலில் தீவிலிருந்து மூன்று மைலில் ஒரு முங்கு பாறை இருக்கிறது, தண்ணீருக்கு மேல் தலை காட்டாது. அதற்கு முன்னாலேயே படகைத் திருப்பிவிட வேண்டும். சுல்தான் ரேடியோவில் கூப்பிட்டு, "கணக்கு நாலு" என்று தட்டினான். நாலு என்றால் பாறைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கிறது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பயமில்லை என்ற அர்த்தத்தில். சுல்தான் அடுத்த வார்த்தையைத் தொடங்கினான். பாதியில் அறுந்துபோனது. அதற்குப் பிறகு எத்தனை கூப்பிட்டும் பதில் இல்லை.

மறுநாளே தேடத் தொடங்கினார்கள். துறைமுகத் துரை கடல் படத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட்டார். லாஞ்சு ஒரு மைல் ஓடப் பத்து நிமிஷம் ஆகும். நாலு என்று சொன்ன அடுத்த நிமிஷமே செய்தி அறுந்திருக்கிறது. ஆகவே பாறைக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது, நாலாவது மைலிலேயே காற்று கவிழ்த்திருக்கிறது. கணக்கில் குற்றம் சொல்ல முடியாது, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவோமே, அதையே ஆள் உயரத்துக்குச் செய்து, நாலாவது மைலைச் சுற்றிச் சேற்றைக் கிளறினார்கள். அண்ணன் லீவு போட்டுவிட்டு அந்தப் படகிலேயே கிடந்தார். கரண்டி எதிலாவது மாட்டிக் கயிறு விறைக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். பழைய நங்கூரம் வரும், மரக்கட்டை வரும். உட்கார்ந்துவிடுவார். சில வாரங்களில் ஆபீஸ் தேடுவதை நிறுத்தியது. அண்ணன் தன் சம்பளத்தில் ஒரு தோங்காங் படகை அமர்த்திக்கொண்டு அதே இடத்தைத் திரும்பக் கிளறினார். அவர் கைகளைப் பார்க்க முடியாது, உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த புண்.

ஏன் அப்படித் தேடினார் என்று பலருக்குப் புரியவில்லை. செத்தவன் செத்தவன்தானே என்றார்கள். ஜைனம்புவுக்கு அது அப்படி இல்லை. கணவன் இறந்தது நிச்சயமாகத் தெரிந்தால்தான் அவள் வெள்ளை உடுத்தி, விதவைக்கு விதித்த துக்கக் காலமான இத்தா இருக்க முடியும். இத்தா கழிந்தால்தான் அவளுக்கு ஒரு வழி பிறக்கும். காஜியார் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார், சாட்சியும் இல்லை, புதைக்க ஒரு மையித்தும் இல்லை, நான் எதை வைத்துச் சொல்லுவேன் என்று. இருபது வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பாள்? ஒருநாள் அண்ணன் போயிருந்தபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "பெரிய மச்சான், நான் வெள்ளை உடுத்தட்டா, வேணாமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிருங்க" என்று கேட்டாளாம். 

டத்தோ கிராமாட்டில் முனுசாமியின் மனைவி அஞ்சலையம்மாள் இதற்கு நேர்மாறாக இருந்தார். அவர் புருஷன் சாகவில்லை என்று உறுதியாக இருந்தார். சுமத்ராப் பக்கத்து மீன்காரர்கள் ஆட்களைத் தூக்கிப்போய்க் காப்பாற்றி, மாதக்கணக்கில் கழித்து அனுப்பிய கதைகள் துறைமுகத்தில் நிறைய உண்டு. அதையெல்லாம் பிடித்துக்கொண்டு, குங்குமமும் தாலியுமாக, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போய்ப் பால்குடம் நேர்ந்துகொண்டு வந்தார். பாதாளக் கரண்டி ஒவ்வொரு நாளும் வெறுமனே வந்தது ஒரு வீட்டில் அழுகை, இன்னொரு வீட்டில் நிம்மதி. இரண்டு வீட்டுக்கும் அண்ணன்தான் போய்ச் செய்தி சொல்லவேண்டியிருந்தது.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் நான் அவரோடு சுல்தான் வீட்டுக்கூடத்தில் இருந்தேன். மழை பிடித்து இடி இடித்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. ஜைனம்பு அதைச் சமாதானம் செய்வது திரை வழியாகக் கேட்டது. அவள் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்காட்டிக்கொண்டிருந்தாள். மின்னல் வெட்டியது. "லாபம்" என்றாள். "ரெண்டு. மூணு. நாலு." இடி விழுந்தது. "பாத்தியா, தூரமாப் போயிருச்சு."

அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அடுத்த மின்னல் வரும் வரை அசையவில்லை. அவள் மறுபடியும் மின்னலுக்கே லாபம் என்றாள். அவர் திரைப்பக்கம் திரும்பி, இப்படி எண்ணுவதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"அவுகதான் மச்சான். புள்ள பயந்தா அவுக அப்புடித்தான் எண்ணுவாக" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவுகளுக்கும் இடின்னா பயம். வெளியில சொல்ல மாட்டாக" என்றாள்.

எனக்குப் புரிய அரை நிமிஷம் பிடித்தது. பரீட்சையில் சும்மா என்று தொடங்கியவன், மின்னலும் அலையும் சுற்றி நின்றபோது அப்பாவின் கிட்டங்கிக்குத் திரும்பிவிட்டான். எண்ணக்கூடாத முதல் புள்ளிக்கு லாபம் என்று சொல்லியிருக்கிறான். அவன் நாலு என்றபோது படகு நின்றது மூன்றாவது மைலில், பாறையின் மேல். செய்தி பாதியில் அறுந்ததற்கும் அதுதான் காரணம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்தியதைப் போலக் கொடுமையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மழைவிட்டதும் கடலோரம் நடந்தோம். எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் துரையிடம் இடத்தைச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால், நாலு பேர் செத்தது சுல்தானால் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நீரோட்டம் தள்ளியிருக்கும் என்று ஏதாவது சொல்லுங்கள், எதற்கு உண்மையை இழுக்கிறீர்கள் என்றேன் நான். இப்போதும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர் வெகுதூரம் நடந்தார். பிறகு நின்றார்.

"பொய் சொன்னா துரை படகு தரமாட்டான், மணியம். தந்தாலும், அங்க போய்த் தூக்குனதும் பாறை தெரியும்லா. நாலு மைல்னு சொன்னவன் எப்படி மூணு மைல்ல கெடந்தான்னு கேப்பான். அப்ப அது என் வாயால வரணுமா, அவன் வாயால வரணுமா?" என்றார்.

பிறகு கடற்சுவரில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வண்டிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். "அவன் அரிசி அளந்துக்கிட்டே இருந்திருப்பான். நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரைத் தொட்டுத் தூக்கக்கூடத் தைரியம் வரவில்லை.

ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் டத்தோ கிராமாட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஊர்வாய் வழியாக அஞ்சலையம்மாளுக்கு அது தெரியக்கூடாது என்பது அவர் எண்ணம். மறுநாள் நானும் போனேன். வேலிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எண்ணியது எப்படி, தவறு எங்கே, படகு எங்கே இருக்கும், எல்லாம். அஞ்சலையம்மாள் முழுக்கக் கேட்டார். உன் தம்பி எண்ணத் தெரியாமல் என் புருஷனைக் கொன்றுவிட்டான் என்று சொல்ல வந்தாயா என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றார் அண்ணன்.

அந்த அம்மா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, தெருவென்றும் பாராமல் அண்ணன் காலடியில் குனிந்துவிட்டார். "தேடாதீங்கய்யா. அங்க போகாதீங்க. உங்க தம்பிய நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். தேடாம மட்டும் இருந்திடுங்க."

 ஒரு பெண் கண்டுபிடித்துக் கொடு என்கிறாள், ஒரு பெண் கண்டுபிடிக்காதே என்கிறாள். இரண்டு பேரும் நியாயம்தான் கேட்கிறார்கள். தேடாமல் விட்டால் தம்பியின் பெயரும் பிழைக்கும், இந்த அம்மாவின் குங்குமமும் பிழைக்கும். ஜைனம்பு ஒருத்தி மட்டும் திரைக்குப் பின்னால் கிடந்து மக்கிப்போவாள். அண்ணன் அந்த அம்மாவைத் தொடக்கூடாது என்பதற்காகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, தெருச் சாக்கடை ஓரம் வரை போய், "மன்னிச்சிருங்கம்மா, என்னால முடியாது" என்றார்.

அண்ணன் போய்ச் சொன்னதைக் கேட்டுத் துரை படத்தில் மூன்றாவது மைலில் ஒரு வட்டம் போட்டார். முதல் நாளிலேயே கரண்டி மாட்டியது. முங்குகிறவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். லாஞ்சு பாறைக்கும் சேற்றுக்கும் நடுவில் சாய்ந்திருந்தது. மழைக்காக அறைக் கதவை அடைத்திருந்ததால் நால்வரும் உள்ளேயே இருந்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முகம் என்று ஏது? முனுசாமியை வெள்ளி அரைஞாணை வைத்து அடையாளம் சொன்னார்கள். சுல்தானை அவன் இடுப்பில் கட்டியிருந்த பச்சை வாரை வைத்து அண்ணனே அடையாளம் சொன்னார். அந்த வாரைத் தானே அவிழ்த்துக் கழுவி ஜைனம்புவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று மாலை அவள் வெள்ளை உடுத்தினாள். அதே மாலையில் டத்தோ கிராமாட்டில் அஞ்சலையம்மாளின் தாலியை வாங்கினார்கள். இரண்டு வீட்டு வாசலுக்கும் அவர் போனார். ஒரு வீட்டில் அவருக்கு நாற்காலி போட்டார்கள், இன்னொரு வீட்டில் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. தன் தம்பியைத் தானே காட்டிக்கொடுத்தான் என்று உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். படகுத்துறையில் அவர் நடந்துபோகும்போது யாராவது ஒருவன் முதுகுக்குப் பின்னால் 'லாபம்' என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. ஆபீசிலோ இனிமேல் கடைத்தெரு ஆட்களை எண்ணுகிற வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்கு மட்டும் அவர் சீறினார். துரையின் மேசைக்கு முன்னால் நின்று, ஆளை மாற்றாதீர்கள், புள்ளியை மாற்றுங்கள் என்றார். சத்தத்தோடு புறப்படும் முதல் புள்ளியை நீண்ட கோடாக ஆக்கிவிட்டால் யார் அதை எண்ணப்போகிறார்கள்? எந்திரத்துச் சக்கரத்தில் ஒரு பல்லைக் கொஞ்சம் அகலமாக அராவினால் போதும். பல மாதம் கழித்துச் சரி என்றார்கள். அண்ணனே உட்கார்ந்து அராவினார். ஒரு பகல்கூட ஆகவில்லை. முடித்ததும் அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பை மனுசன்கிட்ட விட்டு வச்சிருக்கக்கூடாது மணியம். எந்திரத்துலேயே அடைச்சிருக்கணும். இவ்வளவுதானே வேலை" என்றார்.  இப்போது வாய்க்காலில் போகும் எல்லாப் படகுகளும் அந்தக் கோட்டைக் கேட்டுவிட்டுத்தான் எண்ணத் தொடங்குகின்றன.

ஜைனம்புவின் இத்தா முடிந்து, கொஞ்சக் காலம் கழித்துத் தைப்பிங்கில் ஒரு நல்ல இடத்தில் அவளுக்கு மறுமணம் நடந்தது. அண்ணன்தான் முன்னின்று செய்துவைத்தார். ரயிலேற்றப் பிறை வரைக்கும் போனார். குழந்தை வண்டி ஜன்னலிலிருந்து கையை ஆட்டியது என்று வந்து சொன்னார். அதோடு அவருக்கென்று ஊரில் யாரும் இல்லாமல் போனது.

அஞ்சலையம்மாள்தான் மிச்சம். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுதுவிட்டு, அண்ணன் டத்தோ கிராமாட்டுக்கு நடந்துபோவார். வேலிக்கு வெளியே நிற்பார். அந்த அம்மா வெளியே வந்து திட்டுவார். பாவி, உன் குடும்பம் விளங்குமா, எண்ணத் தெரியாதவனுக்கு எதற்கடா வேலை வாங்கிக் கொடுத்தாய் என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லுவார். அண்ணன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். திட்டி ஓய்ந்ததும் திரும்பிவிடுவார். வருஷக்கணக்கில் இது நடந்தது. ஒரு தடவை அவரோடு போய்விட்டு எனக்குத் தாங்கவில்லை. உங்களுக்கென்ன பைத்தியமா, எதற்காகப் போய் நிற்கிறீர்கள் என்று நடுரோட்டில் சண்டை போட்டேன்.

"அந்தம்மாவுக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்லா. கடலைத் திட்ட முடியுமா? சுல்தானைத் திட்டலாம், அவன் இல்ல. நான்தான் இருக்கேன்" என்றார்.

காய்ச்சலில் ஒரு வெள்ளிக்கிழமை போகாமல் இருந்துவிட்டார். மறுநாள் அந்த அம்மா படகுத்துறைக்கே வந்துவிட்டார். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டு, அங்கேயே எல்லார் முன்னாலும் திட்டிவிட்டுப் போனார். அன்று அண்ணன் முகத்தில் நான் கண்டது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிம்மதி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அவர் அடக்கமான பிறகு வந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். யாராவது அந்த அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். மனசு கேட்காமல் ஜும்மா முடியும் நேரத்துக்கு டத்தோ கிராமாட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணனுக்கும் அவருக்கும் என்ன உறவு, யார் சொல்லுவார்கள்? நான் சொன்னேன். அந்த அம்மா வேலிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழவில்லை. "இனிமே நான் யாரத் திட்டுறதுய்யா?" என்று கேட்டார்.

அப்படிக் கேட்கும்போது அவரைப் பார்க்க முடியவில்லை. நான் அண்ணன் நிற்கும் இடத்துக்கு நகர்ந்து நின்றேன். நானும் அன்று அந்தச் சங்கில்தான் இருந்தேன், என்னைத் திட்டுங்கள் அம்மா என்றேன். நெஞ்சாரத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"உங்களத் திட்டுனா உங்களுக்கு வலிக்காதுய்யா. அவருக்குத்தான் வலிச்சுது."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை வருஷமும் வலித்ததை அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூட இருந்த நான் அறிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நைனா முகம்மது அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வாசலும், அங்கே அவர் நின்ற ஓரடி மண்ணும்தான். வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்தால் போய் நிற்கிறேன். கதவு திறப்பதில்லை.